தரையைப் பார்த்து நடந்த வருடங்கள்

என் முதல் கூலி வேலை குழி வெட்டுவது. 1979ஆம் வருடம், எனக்குப் பதினைந்து வயது. ஊர் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகிற வழியில், சரிவில் அடுக்கடுக்காகப் பூண்டு விளைகிற ஊர். மழைக்கு முன்னால் புல்மேட்டுக்குத் தீ வைப்பார்கள். கரிந்த மேட்டில் கயிறு பிடித்து வரிசை போட்டு, கடப்பாரையால் குழி எடுத்துக்கொண்டே போக வேண்டும். பின்னால் பெண்கள் நர்சரியிலிருந்து கூடையில் நாற்று சுமந்து வருவார்கள். பாலித்தீன் பையைக் கிழித்து, மண் உதிராமல் குழியில் இறக்கி, காலால் மிதித்து இறுக்கினால் ஒரு மரம் நட்டாயிற்று. பெரும்பாலும் வாட்டில். சில மேடுகளில் பைன், சில மேடுகளில் தைலமரம். வாட்டில் பட்டை தோல் பதனிடப் போகும், கட்டை ரேயான் நூலுக்குக் கூழாகப் போகும் என்று மேஸ்திரி சொன்னார். "சும்மா கெடக்குற புல்லுல மரம் வக்கிறோம்டா, புண்ணியம்" என்றும் சொன்னார். நான் நம்பினேன். அப்போது மலையில் எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள்.

மத்தியானச் சோற்றுக்கு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவோம். பழனிமலையின் மேல்மட்டம் அப்படி அமைந்தது. மேடெல்லாம் புல், ஓடை இறங்குகிற மடிப்புகளில் மட்டும் இருட்டாகச் சோலை. புல்லிலிருந்து சோலைக்குள் இரண்டு எட்டு வைத்தால் போதும், வெயில் நின்றுவிடும், தலைக்குமேல் பாசி தொங்கும், காலடியில் தரை பஞ்சாக அமுங்கும். மேகம் இறங்கி வெளிச்சம் மங்கிய ஒரு நாளில், தூக்குவாளியைத் திறக்கும் நேரம், உள்ளேயிருந்து ஒரு விசில் வந்தது. யாரோ ஒருவர் பாட்டை மறந்துபோய், ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து தொடங்கிப் பார்ப்பது போல இருந்தது. கூட இருந்த பெரியவரிடம் கேட்டேன். "சோலைக்குள்ள ஒரு குருவி தம்பி. கண்ணுல படாது" என்றார்.

அவர் சொன்னது போலவே பல வருடம் அது என் கண்ணில் படவில்லை. குரல் வந்த திசையில் மரங்களைப் பார்த்தேன், கிளை கிளையாகப் பார்த்தேன். அது என் முழங்காலுக்குக் கீழே இருந்திருக்கிறது.

அந்தப் பறவையின் பின்னால் நடப்பதே பிற்பாடு எனக்குத் தொழிலானது. 1988இல் தேசிய வனக்கொள்கை வந்தது. இயற்கைக் காடுகளைக் காப்பதற்கு முதலிடம் என்று பேச்சு மாறியது. எங்கள் பக்கத்தில் புல்மேட்டில் குழி வெட்டுகிற வேலையும் குறைந்து நின்றது. நான் கொஞ்ச காலம் பூண்டுக் காட்டில் இருந்தேன். பிறகு மலைக்குச் செடி சேகரிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டப் போனேன். அதன் பின் பறவை ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள். வலை கட்ட, சாமான் சுமக்க, யானையும் காட்டுமாடும் இருக்கிற இடம் பார்த்துக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். களப்பணியாளர் என்று சம்பளத் தாளில் எழுதினார்கள். ஏறத்தாழ முப்பது வருடமாக அதுதான் நான்.

பறவையைச் சொல்கிறேன். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் திடமானது. மேலெல்லாம் கரும்பலகை நீலம். கண்ணுக்கு மேலே வெளிர்நீலப் புருவம், கண்ணுக்கு முன்னால் கறுப்பு. வயிறு வெள்ளை. கால் உடம்புக்குச் சற்று மிஞ்சிய நீளம். அந்தக் காலைப் பார்த்தாலே இது நடந்து பிழைக்கிற பறவை என்று தெரிந்துவிடும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். சருகுக்கு மேலே இரண்டு தத்து தத்தும், நிற்கும், தலையைச் சாய்க்கும், அலகால் ஓர் இலையைப் புரட்டி அடியிலிருக்கும் பூச்சியை எடுக்கும், மறுபடி இரண்டு தத்து. கூடுகட்டுவது மண்கரைப் பொந்திலோ மரத்தின் அடித்தூர்ப் பொந்திலோ. பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலேதான் வாழும். மலையின் கீழ்ச்சரிவில் எவ்வளவு அடர்ந்த காடு இருந்தாலும் அங்கே இறங்காது.

பெயர் என் காலத்திலேயே இரண்டு முறை மாறிவிட்டது. நான் முதலில் புரட்டிய ஆங்கிலப் புத்தகத்தில் அது ஷார்ட்விங். அடுத்த புத்தகத்தில் ப்ளூ ராபின். 2017இல் மரபணுவைப் பார்த்த ஆய்வாளர்கள், இது அந்த இரண்டு கூட்டத்தோடும் சேராது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனிப் பேரினம் என்று கண்டார்கள். சோலையில் குடியிருப்பது என்ற பொருளில் சோலிகோலா என்று பெயர் வைத்தார்கள். பொதுப்பெயரும் சோலைக்கிளி என்றே ஆனது. முதலில் எங்கள் ஊர்ப் பையன்கள் குழம்பினார்கள். நமக்குக் கிளி என்றால் பச்சைக்கிளி; மலையாளத்தில் எந்தச் சின்னப் பறவையும் கிளிதான். மலை இரண்டு மொழிக்கும் பொது என்பதால் பெயரும் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொல்வேன். சோலை என்ற சொல் அறிவியல் பெயரிலேயே ஏறிவிட்டது என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

இன்னொன்றும் எனக்குப் பெருமை. 1860களில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி பழனிமலையில் சேகரித்த பறவையை வைத்துத்தான் பிளான்ஃபோர்ட் என்பவர் இந்த வெள்ளை வயிற்று இனத்தை முதன்முதலில் விவரித்து எழுதினார். எங்கள் சோலைகளில் கும்பலாகச் சத்தமிடும் பழனி சிரிப்பானின் அறிவியல் பெயரிலும் அதே ஃபேர்பேங்கின் பெயர் இருக்கிறது. நீலகிரியில் இருக்கிற சோலைக்கிளி வேறு இனம். அதற்கு வயிற்றின் இரு பக்கமும் செம்பழுப்பு. நடுவில் கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். பறந்தால் எட்டிவிடும் தூரம்தானே என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் சோலைத் தரையை விட்டு வராத பறவைக்கு வெயில் காயும் அந்தத் தாழ்நிலம் கடல் மாதிரி. லட்சக்கணக்கான வருடங்களாக இரண்டு கரையிலும் தனித்தனியே வாழ்ந்து இரண்டு இனமாகிவிட்டன. மலையுச்சிகளை வானத்தீவுகள் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

முதல் வலை முகாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிஸ்ட் நெட் என்பது கறுப்பு நைலான் இழையில் பின்னிய, கண்ணுக்கே தெரியாத வலை. பன்னிரண்டு மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் கம்பு நட்டுக் கட்டினால் குறுக்கே தட்டுத் தட்டாகப் பை போலத் தொங்கும். வனத்துறை அனுமதி வாங்கி, இருட்டோடு போய், வெளிச்சம் வருவதற்குள் விரித்துவிட வேண்டும். விரித்த பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றுத் தவறினாலும் குளிரில் பறவை செத்துப்போகும். மேல் தட்டுகளில் வெள்ளைக்கண்ணி விழும். நடுவில் ஈப்பிடிப்பான் விழும். சோலைக்கிளி விழுவது எப்போதும் கடைசித் தட்டில். முதல் நாள் நான் கடைசித் தட்டைத் தரையோடு ஒட்டிக் கட்டியிருந்தேன். ஆராய்ச்சி மாணவர் வந்து பார்த்து, "அண்ணே, இதுல பறவை விழுந்தா வலை தொஞ்சு ஈரத் தரையில படும். ஒரு சாண் ஏத்திக் கட்டுங்க" என்றார். ஏற்றிக் கட்டினேன். அன்று காலையே ஒன்று விழுந்தது.

அதை வலையிலிருந்து பிரித்தெடுக்க அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பக்கமாக நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே எடுக்க வேண்டும். முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியில் தலை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து நிற்க வேண்டும், உள்ளங்கை கூண்டாக வேண்டும், அழுத்தக் கூடாது. கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. துடிப்பு என்று சொல்ல முடியாது, இடைவெளியே இல்லாத ஒரு நடுக்கம். அத்தனை வருடம் குரலாக மட்டும் இருந்தது கைச்சூட்டில் கிடந்தது. காலில் கறுத்த மண் ஒட்டியிருந்தது. அலகின் ஓரத்தில் ஒரு துணுக்குச் சருகு. துணிப்பையில் போட்டு எடை பார்த்தோம், இறக்கையை அளந்தோம், காலில் அலுமினிய வளையம் மாட்டினோம். வளையத்தில் ஓர் எண்ணும், பறவையைக் கண்டால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு குறிப்பும் இருக்கும். கையைத் தரையோடு வைத்து விரித்தபோது அது பறக்கவில்லை. இறங்கி, நடந்து, பெரணிக்குள் போய்விட்டது.

இந்த வேலையில் நான் செய்த பெரிய தவறும் அந்த முதல் வருடத்தில்தான் நடந்தது. புதிதாக ஒரு வலை வரிசைக்குப் பாதை எடுக்கச் சொன்னார்கள். ஓடைக்கரை ஓரமாக அரிவாளால் பெரணியும் குறுஞ்செடிகளும் வெட்டிச் சுத்தமாகப் பாதை போட்டேன். குழி வெட்டி வளர்ந்த கை. சுத்தம் என்றால் மண் தெரிய வேண்டும் என்று நினைக்கிற கை. மறுநாள் காலையில் அந்தக் கரையில் மண்பொந்து ஒன்று வெட்டவெளியாகத் தெரிந்தது. உள்ளே பாசியும் மெல்லிய வேரும் வைத்துப் பின்னிய கிண்ணம். அதில் சாம்பல் கலந்த பச்சையில், பழுப்புப் பூசினாற்போல இரண்டு முட்டைகள். எதிர்ப்புதரில் சோலைக்கிளி நின்று என்னைப் பார்த்து ஒரே சுருதியில் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. வெட்டிய பெரணியை எடுத்து வந்து பொந்துக்கு முன்னால் செருகி வைத்தேன். வெட்டின இலை வாடத்தானே செய்யும். மூன்றாம் நாள் முட்டை இல்லை. கிண்ணம் பிய்ந்து கிடந்தது. எது தின்றது என்று தெரியாது. வழி திறந்துவிட்டவன் நான் என்பது மட்டும் தெரியும்.

முட்டை இரண்டுதான் வைக்கும் என்பதும், கோடைமழைக்கும் பெருமழைக்கும் நடுவில் சில வாரங்கள்தான் அதன் காலம் என்பதும் தெரிந்தபோது மனசு ஆறவில்லை. அன்றையிலிருந்து நான் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை கரையோரத்தில் அரிவாள் எடுப்பதில்லை. வலைக்குப் பாதை வேண்டுமென்றால் காட்டுமாடு போன தடத்தில் கட்டுவோம். ஒரு கிளையை ஒடிப்பதற்கு முன்னால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்போம். நான் பழக்கிய பையன்கள் எல்லோருக்கும் முதல் நாள் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வலை வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் காதுதான் வேலை. சோலைக்கிளியைக் கண்ணால் எண்ணுகிறேன் என்று போகிறவர் பாதிக்கு மேல் தவற விடுவார். விடியலுக்கு அரைமணி நேரம் முன்னால் குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டு, மூச்சு அடங்குகிற வரை காத்திருக்க வேண்டும். பிறகு எந்தத் திசை, எத்தனை மீட்டர், எத்தனை குரல் என்று எழுத வேண்டும். ஒரே பறவை இடம் மாறிப் பாடினால் இரண்டாக எழுதிவிடக் கூடாது. ஓடைச் சத்தம் இருக்கிற இடத்தில் தூரம் ஏமாற்றும். மேகம் இறங்கினால் எல்லாக் குரலும் பக்கத்தில் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் சீகாரப் பூங்குருவியின் விசிலையும் இதையும் குழப்பிக்கொள்வார்கள். பூங்குருவியின் விசில் சோம்பலாக இழுத்துக்கொண்டு, மனிதன் விசிலடிப்பது போலவே போகும். சோலைக்கிளியின் பாட்டு சின்னச் சின்ன வாக்கியமாக வரும். வாக்கியத்தின் நடுவில் கூர்மையான ஒரு சீறல் இருக்கும், அடுத்த வாக்கியம் முந்தியதைப் போல இருக்காது.

ஒரு முறை வேறு மலையில் பதிவு செய்த பாட்டை ஒரு மாணவி எனக்குப் போட்டுக் காட்டினார். நம் இனம்தான், ஆனால் எனக்கு அந்நியமாகக் கேட்டது. வாக்கியத்தின் முடிவு வேறு மாதிரி இருந்தது. "எங்க ஊர்ப் பறவை இப்படி முடிக்காதும்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். மலைக்கு மலை இந்தப் பறவையின் பாட்டு வேறுபடுகிறது என்று 2011இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது என்று பிறகு விளக்கினார். மதுரைக்காரர் பேச்சும் கோயம்புத்தூர்க்காரர் பேச்சும் வேறாக இருப்பது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஒரு சோலை போனால் ஒரு பேச்சுவழக்கும் சேர்ந்து போகிறது.

வளையம் போட்ட பறவை திரும்ப வலையில் விழுவதை ரீட்ராப் என்போம். வலையிலிருந்து எடுக்கும்போது காலில் வளையம் தெரிந்தால் முகாமே எழுந்துவிடும். ஒரு பறவையை முதலில் பிடித்த இடத்திலிருந்து நாற்பது எட்டுக்குள் மூன்று வருடம் கழித்துப் பிடித்தோம். வளையத்தின் எண் தேய்ந்திருந்தது, நகத்தால் மண்ணைச் சுரண்டிப் படித்தோம். மூன்று வருடத்தில் நான் வீடு மாற்றியிருந்தேன், மகளுக்குக் கல்யாணம் செய்திருந்தேன், கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் நூறு முறை போய் வந்திருந்தேன். அது அதே ஓடை, அதே பெரணிப் புதர், அதே அழுகிய கட்டையைச் சுற்றியே வாழ்ந்திருக்கிறது. இவ்வளவு சின்ன இடத்தை நம்பி இருக்கிற உயிருக்கு அந்த இடத்தைக் கெடுத்துவிட்டால் போக வேறு இடமில்லை.

கெடுவது எப்படி என்று கொடைக்கானல் நகரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பாம்பே சோலை ஊருக்கு நடுவில் இருக்கிறது. சுற்றிலும் வீடும் விடுதியும். அங்கேயும் சோலைக்கிளி உண்டு. சாயங்காலம் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் பாதைக்கே வந்து தத்தும். அதைப் பார்த்துவிட்டு இது எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் பறவை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மேலே பார்த்தால் பாம்பே சோலையில் மரம் நிற்கிறது. கீழே செஸ்ட்ரம் என்ற வெளிநாட்டுப் புதர் அடைத்துக்கொண்டு வருகிறது. அது அடர்ந்த இடத்தில் நாவல் கன்றும் செண்பகக் கன்றும் முளைத்து எழுவதைப் பார்ப்பது அரிது. தரையில் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் உறை. இரவில் நாயும் பூனையும். தரையில் வாழ்கிற, தரையோடு கூடுகட்டுகிற பறவைக்கு இதெல்லாம் நேரடிச் சேதம்.

செல்போன் வந்த பிறகு இன்னொரு தொல்லை சேர்ந்தது. பாட்டைப் பதிவிலிருந்து போட்டால் தன் இடத்துக்குள் வேறு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துப் பறவை வெளியே வரும். ஆராய்ச்சியில் அதை அளவோடு, தேவைப்படும்போது மட்டும் செய்வோம். படம் எடுக்க வருகிறவர்கள் சிலர் கூடு கட்டுகிற காலத்தில் அரைமணி நேரம் விடாமல் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். ஒரு முறை ஒருவரைத் தடுத்தேன். "ஒரு படம்தாங்க" என்றார். "சார், உங்க வீட்டுவாசல்ல ஒரு ஆள் அரைமணி நேரம் நின்னு சண்டைக்குக் கூப்பிட்டா நீங்க சோறு தின்பீங்களா?" என்று கேட்டேன். அணைத்துவிட்டார். இப்போது கூட்டிப்போகும் ஆட்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு முறை, சில வினாடி, அதுவும் ஏப்ரலுக்கு முன்னால்.

இதெல்லாம் சில்லறைச் சேதம். மொத்தச் சேதத்தை நான் ஒரு லேப்டாப்பில் பார்த்தேன். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழனிமலையின் பழைய நிலத்தையும் இன்றைய நிலத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. 1973இல் இங்கே சுமார் 374 சதுர கிலோமீட்டர் புல்வெளி இருந்திருக்கிறது. 2014இல் மிஞ்சியது சுமார் 124. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலையிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. புல் இருந்த இடத்தையெல்லாம் வாட்டிலும் பைனும் தைலமரமும் விவசாயமும் எடுத்துக்கொண்டிருந்தன. படத்தைக் காட்டிய தம்பிக்கு நான் யார் என்று முழுதாகத் தெரியாது. "இந்த எடம் எது தெரியுதாண்ணே?" என்று ஒரு மேட்டைப் பெரிதாக்கிக் காட்டினார். தெரிந்தது. மடிப்பில் ஓடை, ஓடையில் சோலை, சோலை ஓரத்தில் தூக்குவாளி திறந்த பாறை. மேடு முழுவதும் தோட்ட மரத்தின் நிறம். "நான் வச்சது" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

புல் போனால் சோலைப் பறவைக்கு என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். புல்மேடு மழையைக் குடித்து மெதுவாகக் கசியவிடும். அந்தக் கசிவில்தான் பள்ளத்துச் சோலையின் தரை வருடம் முழுவதும் ஈரமாக இருக்கிறது. ஈரமான சருகில்தான் பூச்சி, பூச்சி இருந்தால்தான் சோலைக்கிளி. தவிர, புல்லுக்கென்றே வாழ்கிற உயிர்கள் இருக்கின்றன. நீலகிரி நெட்டைக்காலி அப்படிப்பட்ட பறவை. புல்லை விட்டு வராது. என் சிறுவயது மேடுகளில் காலடியிலிருந்து கிளம்பிப் பறக்கும் குருவிகள் இருந்தன. இன்று அந்த மேடுகளில் வாட்டில் சருகு மட்டும் சத்தம் போடுகிறது. சும்மா கிடந்த புல் என்று நாங்கள் சொன்னது, யாரோ குடியிருந்த வீடு.

அதைத் தெரிந்துகொண்ட பிறகு வாட்டில் மரத்தைக் கண்டாலே எனக்குக் கோபம் வந்தது. வெட்டித் தள்ள வேண்டும் என்று கூட்டங்களில் பேசினேன். ஓரிடத்தில் வெட்டவும் செய்தார்கள். ஒரே வாரத்தில் மேடு மொட்டையானது. அடுத்த மழைக்கு அங்கே போனேன். புல் வரவில்லை. கீரைப்பாத்தி மாதிரி நெருக்கமாக வாட்டில் முளைத்திருந்தது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு காலம் சாகாமல் கிடக்கும். வெயில் பட்டால், தீ பட்டால் எழுந்துவிடும். வெட்டிய தூரும் தழைத்திருந்தது. அதைவிட நெஞ்சில் அடித்தது வேறொன்று. மரத்தை இழுத்த தடத்தில் நசுங்கிக் கிடந்தவை நாவல் கன்றுகள், விரல் தடிமனில், இடுப்பு உயரத்தில்.

வாட்டில் அடியில் நாவல் கன்று வந்த காரணத்தைப் பிறகு புரிந்துகொண்டேன். டிசம்பர், ஜனவரியில் எங்கள் புல்மேட்டில் உறைபனி விழும். சோலை மரத்தின் இளங்கன்று அந்தப் பனியில் கருகிவிடும். அதனால்தான் சோலை ஓரத்தில் கோடு கிழித்தாற்போல நின்றுவிடுகிறது. வாட்டில் தோப்பு வயதாகி மேலே குடை பிடித்தபோது அடியில் பனி விழவில்லை. பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் எச்சத்தில் விதை கொண்டுவந்து போட்டன. கன்றுகள் எழுந்தன. வட்டக்கானலில் நாற்றங்கால் வைத்துச் சோலை மரங்களை வளர்த்தவர்கள் இதைப் பல வருடம் முன்பே கவனித்துச் சொன்னார்கள். எல்லா வாட்டிலையும் ஒரேயடியாக வெட்டாதீர்கள், அடியில் சோலை வருகிற இடத்தில் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்போது நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நசுங்கிய நாவல் கன்றைக் கையில் எடுத்த அன்று ஒத்துக்கொண்டேன்.

2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் கொள்கை மேட்டில் இறங்கும்போது கையில் அரிவாளோடுதான் இறங்கும். அந்த அரிவாளுக்கு முன்னால் ஓர் ஆள் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். இளம் வாட்டில் மட்டும் நின்று, அடியில் இன்னும் புல் உயிரோடு இருந்தால் உடனே பிடுங்க வேண்டும். அங்கே ஒரு வருடம் தாமதித்தாலும் நஷ்டம். பழைய தோப்பின் அடியில் சோலைக் கன்று அடர்ந்திருந்தால் கையை வைக்கக் கூடாது. வாட்டில் வயதாகித் தானே சாயும். கன்றும் இல்லாமல் புல்லும் இல்லாமல் இருக்கிற இடத்தில்தான் யோசித்து, துண்டு துண்டாக வேலை செய்ய வேண்டும், செய்த பிறகு முளைப்பதைப் பிடுங்கப் பல வருடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஹெக்டேர் கணக்கில் யோசிக்கிறவர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல. நாங்கள் நட்டபோதும் கணக்கு அதேதான்: எத்தனை ஹெக்டேர், எத்தனை மரம். தரையில் என்ன இருந்தது என்று அன்று ஒருவரும் எழுதவில்லை.

இப்போது எனக்கு முழங்கால் வலி. வலைக் கம்பு சுமப்பதில்லை. ஊர்ப் பையன்கள் நான்கு பேருக்குக் காது பழக்குகிறேன். போன ஏப்ரலில் அவர்களில் ஒருவனோடு விடியலில் நின்றேன். சர்வே புள்ளி தற்செயலாக அந்தப் பழைய மேட்டின் ஓரத்தில் விழுந்தது. நான் குழி வெட்டிய வரிசை இன்னும் வரிசையாகவே தெரியும். வாட்டில் மரங்கள் பாதி சாய்ந்து, பாசி பிடித்து நிற்கின்றன. ஐந்தரை மணி வாக்கில் குரல் வந்தது. பள்ளத்துச் சோலையிலிருந்து அல்ல, மேட்டிலிருந்து. வாட்டில் வரிசைக்குள்ளிருந்து. சின்ன வாக்கியம், நடுவில் ஒரு சீறல், பிறகு வேறொரு வாக்கியம்.

சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அது புல்லாக இருந்த இடம். அந்தப் புல்லில் இருந்த குருவிகளுக்கு நான் எதுவும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே நின்றேன்.

பையன் தாளில் திசை எழுதினான், தூரம் எழுதினான், எண்ணிக்கை ஒன்று என்று எழுதினான். வாழிடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. "என்னண்ணே போடட்டும்? சோலைன்னா, வாட்டில்னா?"

"மேல பாக்காத. உள்ள போய்க் குனிஞ்சு பாரு" என்றேன். "கீழ என்ன இருக்கோ அத எழுது."

அவன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது முழங்காலில் ஈரமண் அப்பியிருந்தது. கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்திலும் சேர்த்து எழுதினான்: நாவல் கன்று, பெரணி, மூன்று விரல் ஆழம் சருகு, அடியில் ஈரம், புரட்டிப் போட்ட இலைகள்.